முதல் ரீலோடிங் பிரஸ்: சிங்கிள் ஸ்டேஜா, டரட்டா?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டவருக்கு, ஒரு கட்டத்தில் துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிடத் தோட்டாவுக்குக் கொடுத்தது அதிகமாகிவிடும். அதுவரை காலில் மிதிபட்ட பித்தளைக் கூடுகளைக் குனிந்து பொறுக்கத் தொடங்குவது அப்போதுதான். ஒரு தோட்டாவில் இருப்பவை நான்கே பொருள்கள்: கூடு, பிரைமர் (அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்), பவுடர், குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். அதை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வைத்து, பவுடரை அளந்து போட்டு, குண்டைப் பொருத்தினால் மறுபடி தோட்டா. அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் கைப்பிடி இயந்திரம்தான் ரீலோடிங் பிரஸ்.

கடைக்குப் போகுமுன் சட்டம். சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் கட்டாயம் தேவை. மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பச்சை அட்டைக்காரருக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவில் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்த அலசல் அமெரிக்காவில் சட்டப்படி சுடுபவர்களுக்கு மட்டும்.

எந்த பிரஸ் நல்லது என்ற கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என்ன காலிபர்? மாதத்துக்கு எத்தனை? மான் வேட்டைக்காரர் ஒரு சீசன் முழுக்க 2 பெட்டித் தோட்டாவோடு முடித்துவிடுவார். 9 மி.மீ. பிஸ்டலோடு பயிற்சிக்குப் போகிறவர் ஒரே மாலையில் 200 சுடுவார். இருவருக்கும் ஒரே பிரஸ்ஸைப் பரிந்துரைப்பவர் இரண்டில் ஒருவரை ஏமாற்றுகிறார்.

மேசையே வேண்டாதவை

விஸ்கான்சினின் லீ பிரிசிஷன் நிறுவனத்தை 1958-இல் ரிச்சர்ட் லீ தொடங்கியது ‘லீ லோடர்’ என்ற கையடக்கப் பெட்டியை வைத்துத்தான். பிரஸ் கிடையாது, சுத்தியலால் தட்டித்தான் எல்லாம். வேலை செய்யும், சத்தமும் போடும். பிரைமரைத் தட்டி இறக்கும்போது எப்போதாவது ஒன்று வெடித்துத் தொலைக்கும், அதனால் கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் தொடக் கூடாது. ரைஃபிள் கூட்டின் கழுத்தை மட்டுமே இது சுருக்கும் என்பதால், அந்தத் தோட்டா அதே துப்பாக்கிக்குத்தான் சரியாகப் பொருந்தும். தொழில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அருமையான பொருள். அதற்கு மேல் நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

லீயின் ஹேண்ட் பிரஸ் வேறு ரகம். இரண்டு கைப்பிடியும் சேர்ந்து பெரிய பாக்குவெட்டி போல இருக்கும். சாதாரண டைகளையே (கூட்டை அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுகள்) திருகிக்கொள்ளலாம், சோபாவில் உட்கார்ந்தபடி நிரப்பலாம். வாடகை வீட்டில் மேசையில் ஓட்டை போட முடியாதவருக்கு நல்ல தீர்வு. பெரிய ரைஃபிள் கூடுகளை முழு நீளத்துக்கும் சுருக்கினால் மட்டும் மறுநாள் தோள்பட்டை பேசும்.

சிங்கிள் ஸ்டேஜ்: சி சட்டமா, ஓ சட்டமா

சிங்கிள் ஸ்டேஜ் என்றால் ஒரு நேரத்தில் ஒரே டை. 50 கூடுகளையும் முதல் டையில் அழுத்தி முடித்து, டையை மாற்றி, மறுபடி 50-ஐயும் அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டும்.

இதில் மிக மலிவானது லீயின் ரீலோடர் பிரஸ். முன்பக்கம் திறந்த சி வடிவச் சட்டம். பிஸ்டல் கூடுகளுக்கு இது தாராளம். ஆனால் .30-06 போன்ற பெரிய கூட்டை அழுத்தும்போது திறந்த சட்டம் இம்மியளவு விரியும். லீயின் அடுத்த ரகமான சேலஞ்சர் சுற்றிலும் மூடிய ஓ சட்டம்; கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு அந்த உறுதி தகும். இரண்டிலும் ‘பிரீச் லாக்’ என்ற புஷ் (டையைப் பிடித்துக்கொள்ளும் வளையம்) முறை இருக்கிறது. டையை ஒருமுறை சரிசெய்து புஷ்ஷில் பூட்டிவிட்டால், அடுத்த முறை ஒரு திருகில் அதே இடத்தில் வந்து உட்காரும்.

மறுபக்கம் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர். வார்ப்பிரும்பு, முரட்டு உடம்பு, விலையும் முரட்டு விலை. ஃபிரெட் ஹன்டிங்டன் 1943-இல் தொடங்கிய நிறுவனம் அது. தாத்தா வாங்கிய பிரஸ்ஸில் பேரன் நிரப்புவது அங்கே சாதாரணம். புதிதாக வாங்கினால் பட்ஜெட் என்ற சொல்லுக்குள் அடங்காது. பழையதாகக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், இதில் தேய்ந்து வீணாகப் பெரிதாக ஒன்றுமில்லை. டைகளின் திருகு அளவு (7/8 அங்குலம், 14 மரை) எல்லா நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் ஒன்றே. லீ டையை ஆர்சிபிஎஸ் பிரஸ்ஸில் கூச்சமில்லாமல் மாட்டலாம்.

ரைஃபிள்காரர்கள் கவனிக்க: கழுத்து குறுகிய கூடுகளுக்கு எண்ணெய்ப் பசை தடவாமல் அழுத்தினால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும், அன்றைய வேலை அதோடு முடிந்தது. நேர் உடம்பு பிஸ்டல் கூடுகளுக்குக் கார்பைடு வளையம் வைத்த டை கிடைக்கிறது, பசை வேண்டாம். 10 டாலர் மிச்சம் பிடிக்க நினைத்து கார்பைடு இல்லாததை வாங்காதீர்கள்.

டரட்: நடுவழி

லீயின் கிளாசிக் டரட்டில் தலைப்பகுதி ஒரு வட்டு. அதில் 4 டைகள். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முறுக்கிய சதுரக் கம்பி ஒன்று வட்டைக் கால் சுற்றுத் திருப்பும். நாலு இழுப்பில் ஒரு தோட்டா.

கணக்குப் பார்த்தால் இழுப்பு எண்ணிக்கை சிங்கிள் ஸ்டேஜைவிடக் குறைவில்லை. மிச்சமாவது கை வேலை. அங்கே ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு சுற்றிலும் எடுத்து, வைத்து, மறுபடி எடுக்க வேண்டும்; இங்கே ஒருமுறை வைத்தால் தோட்டாவாகத்தான் வெளியே வரும். சிங்கிள் ஸ்டேஜில் மணிக்கு 50 தேறினால், பழகிய கைக்கு டரட்டில் 150 வரும்.

குறையும் உண்டு. வட்டைத் திருப்பும் சின்ன பிளாஸ்டிக் ராட்செட், கைப்பிடியைப் பாதி இழுப்பில் பின்னுக்குத் தள்ளினால் உடையும். விலை அற்பம், கூடவே இரண்டு வாங்கிப் போடுங்கள். பழைய பிரைமர்கள் உள்ளீடற்ற ராம் (கூட்டை மேலே தள்ளும் தண்டு) வழியாகக் குழாயில் இறங்கிவிடுவது கிளாசிக்கின் பெரிய வசதி. அதே நிறுவனத்தின் மலிவான வேல்யூ டரட்டில் அவை வெளியே சிதறும். அவற்றில் ஒட்டியிருக்கும் கரியில் ஈயம் இருக்கிறது, கம்பளத்தில் கொட்டி மிதிக்கிற பொருளல்ல.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: இரட்டைப் பவுடர். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898-இல் கரும்பவுடர் காலத்துக் கொள்ளளவோடு பிறந்தது. இன்றைய வேகமான புகையில்லாப் பவுடரை அதில் இரண்டு தடவை போட்டாலும் கூடு நிரம்பி வழியாது, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே பிளக்கும். சிங்கிள் ஸ்டேஜில் 50 கூடுகளையும் பலகைக் குழிகளில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்கலாம், ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். டரட்டில் அந்த அணிவகுப்பு இல்லை. குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டும், விளக்கு பிரஸ்ஸுக்கு நேர் மேலே வேண்டும்.

புரொகிரஸிவ்

ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா. மலிவான லீ ரகங்களும் உண்டு; விலை ஏறினால் டில்லன் நிறுவனத்துடையவை. ஒரே நேரத்தில் பல கூடுகளில் பல வேலைகள் நடக்கும். எது எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். முதல் பிரஸ்ஸாக வேண்டாம்.

பிரஸ்ஸைவிட முக்கியமான செலவு

ஒரு பவுண்டு பவுடர் என்பது 7,000 கிரெயின். பிஸ்டல் தோட்டா ஒன்றுக்குப் போவது சில கிரெயின்கள்தான். அதில் அரை கிரெயின் கூடினாலே சில பவுடர்களில் பாதுகாப்பு எல்லை தாண்டிவிடும். அதனால் மலிவான பிரஸ் தப்பில்லை, மலிவான டிஜிட்டல் தராசு தப்பு. கிட்டுகளோடு வரும் லீயின் தட்டுத் தராசைப் படிக்கக் கண் வலிக்கும், ஆனால் எடை தவறாது. டிஜிட்டல்தான் வேண்டுமென்றால் சோதனை எடைக்கற்களையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு வெர்னியர் காலிப்பர், ஹார்னடியோ லைமனோ போன்ற நிறுவனம் வெளியிடும், பவுடர் அளவுகள் அடங்கிய அச்சுக் கையேடு, இரண்டும் கட்டாயம். அதிலுள்ள குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்குங்கள். யாரோ இணையத்தில் எழுதிய பவுடர் அளவை நம்பாதீர்கள்.

வீட்டில் வைக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 495 தரநிலைப்படி, மூல டப்பாவிலேயே வைத்த புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை. அதற்கு மேல் 50 வரை கனமான மரப்பெட்டிக்குள். பிரைமர் 10,000. உள்ளூர் தீயணைப்பு விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

என் தேர்வு

ரைஃபிள் மட்டும், மாதம் 50-க்குள் என்றால் சேலஞ்சர் கிட். பழைய ராக் சக்கர் அதே விலைக்குள் கிடைத்தால் அது.

பிஸ்டல் என்றால் கிளாசிக் டரட், கண்ணை மூடிக்கொண்டு. பலர் ‘முதலில் சிங்கிள் ஸ்டேஜில் பழகு’ என்பார்கள். அந்த அறிவுரை சரிதான், அதற்காக இரண்டு பிரஸ் வாங்கத் தேவையில்லை. டரட்டின் சதுரக் கம்பியை உருவி எடுத்துவிட்டால் அது சிங்கிள் ஸ்டேஜ். முதல் சில நூறு தோட்டாக்களை அப்படியே, குழிப்பலகையும் டார்ச்சுமாக, தொகுதி தொகுதியாக நிரப்புங்கள். கை பழகிய பிறகு கம்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.