அரசுப் பள்ளியே எழுதிய மதிப்பெண் பதிவேட்டு மென்பொருள்: பயன்படுத்திப் பார்த்த ஆசிரியரின் மதிப்புரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர்ப் பக்கம் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினிப் பயிற்றுநரும் அவரிடம் பிளஸ் டூ படித்த மாணவர்களும் சேர்ந்து மதிப்பெண் பதிவேட்டுக்கான மென்பொருள் ஒன்றை எழுதி, மூலநிரலோடு (திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய நிரல் வரிகளோடு) மற்றப் பள்ளிகளுக்கும் விலையின்றிக் கொடுத்து வருகிறார்கள். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் நான் பணியாற்றும் பள்ளியில் காலாண்டுத் தேர்விலிருந்து இதைப் பயன்படுத்துகிறோம். வகுப்பாசிரியர் மதிப்பெண்களைப் பதிவது, தேர்ச்சிப் பட்டியல் எடுப்பது, பெற்றோருக்குக் கொடுக்கும் தேர்ச்சி அறிக்கையை அச்சிடுவது ஆகிய மூன்று வேலைகளை மட்டுமே இது செய்கிறது. கட்டண வசூல், பேருந்துத் தடம், விடுதிக் கணக்கு என்று விற்பனைக்கு வரும் மென்பொருள்களில் இருக்கும் வசதிகள் இதில் கிடையாது. அரசுப் பள்ளிக்கு அவற்றில் பெரும்பாலானவை தேவையும் இல்லை.

இதற்கு முன் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளை வைத்திருந்தோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என மதிப்பெண்கள் பிரிந்திருக்கின்றன. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 பெற்று, மொத்தத்தில் 35-ஐத் தொட்டால்தான் தேர்ச்சி. அந்த மென்பொருளோ கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தது. எழுத்தில் 18, செய்முறையில் 24 வாங்கிய மாணவருக்கு 42 என்று கூட்டித் தேர்ச்சி என்று அச்சிட்டது. திருத்தித் தரும்படி கேட்டபோது தனிக் கட்டணம் கேட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை வரியைச் சேர்க்க வேண்டிய வேலை அது. ஆனால் நிரல் எங்கள் கையில் இல்லாததால், பணம் கொடுத்து வாங்கிய பொருளிலேயே தவறு நடப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் சிவப்பு மையால் கையால் திருத்திக்கொண்டிருந்தோம். பள்ளி எழுதிய மென்பொருளில் இந்த விதி முதல் நாளிலிருந்தே சரியாக இருக்கிறது. எழுதியவர்கள் அந்த விதிக்கு உட்பட்டுத் தேர்வு எழுதியவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாணவர்களால் இது எப்படி முடிந்தது என்று வியக்கவும் வேண்டியதில்லை. நம்முடைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் நிரலாக்க மொழியும், தரவுத்தளக் கருத்துகளும், பைத்தானிலிருந்து எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கையாளும் முறையும் பாடங்களாகவே உள்ளன. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் அந்தப் பகுதிகளைத்தான் இவர்கள் எடுத்து, தங்கள் பள்ளியின் உண்மையான பதிவேட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த மென்பொருளின் மீது எனக்குள்ள மதிப்பில் பாதி இதற்காகவே.

மீதிப் பாதி அதன் தமிழுக்காக. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுக்கப்பட்டுள்ள யூனிகோடு எண்களின் வரிசையில் பெயர்களை அடுக்கினால் தமிழ் அகரவரிசை கிடைக்காது. புள்ளிக்கான குறியீடு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், கண்ணன் என்ற பெயர் கணேசனுக்குப் பின்னால் போய்விடும். ஜெயந்தி, சுமதிக்கும் ஞானவேலுக்கும் நடுவில் வந்து நிற்பாள். ழகரம் ளகரத்துக்குப் பின்னால் போகும். வாங்கிய மென்பொருள் இப்படித்தான் அடுக்கியது. பதிவேட்டில் ஒரு பெயரைத் தேட விரல் மேலும் கீழும் அலைய வேண்டியிருந்தது. மாணவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் தமிழ் நெடுங்கணக்கில் உள்ள இடத்தைக் குறித்து ஒரு சிறிய அட்டவணை எழுதி, புள்ளி எழுத்தை உயிர்மெய்க்கு முன்னும், கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின்னும் வைத்து, அதன்படி அடுக்குகிறார்கள். தலைப்பெழுத்தைத் தனிக் கட்டத்தில் வாங்கிக்கொள்வதால், "மு. கண்ணன்" என்பவர் மகரத்தில் போய் உட்காருவதும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் தமிழ்வழிப் பிரிவோடு தெலுங்குவழி, கன்னடவழிப் பிரிவுகளும் இருப்பதால், பர்கூர்ப் பள்ளியின் மென்பொருளைப் பெற்றுவந்தபோது எனக்கிருந்த பெரிய ஐயம் தேர்ச்சி அறிக்கையைப் பற்றியதுதான். திரையிலும் அச்சிலும் வரும் சொற்கள் அனைத்தும் நிரலுக்குள் புதைக்கப்படாமல் தனி உரைக்கோப்பு ஒன்றில் வரிக்கு ஒன்றாக இருக்கின்றன. எங்கள் தெலுங்கு ஆசிரியை நிரலாக்கம் அறியாதவர். அவர் அந்தக் கோப்பைத் திறந்து, தமிழ்ச் சொல்லுக்கு எதிரே தெலுங்குச் சொல்லைத் தட்டெழுதிச் சேமித்தார், அறிக்கை தெலுங்கில் வந்துவிட்டது. கன்னடத்துக்கும் அப்படியே செய்தோம். இரண்டு கோப்புகளையும் பர்கூர்ப் பள்ளிக்கு அனுப்பினோம். அடுத்த பதிப்பில் அவை சேர்ந்தே வந்தன. குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் இதை வெளியிட்டிருப்பதால், திருத்தும் உரிமையும் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் எல்லாப் பள்ளிக்கும் உண்டு. திருத்தி வழங்குபவர் அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

இணைய இணைப்பு இதற்குத் தேவையில்லை. அரசின் திட்டத்தில் வந்த ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவி, மற்றக் கணினிகளில் பள்ளிக்குள்ளேயே உள்ள கம்பி வழியாக உலாவியில் திறக்கிறோம். மழைக்காலத்தில் பதிவின் நடுவே மின்சாரம் போனபோது, கடைசியாகத் தட்டிக்கொண்டிருந்த மாணவரின் வரி மட்டும் போயிற்று, முன்னால் சேமித்தவை அப்படியே இருந்தன. மொத்தத் தரவும் ஒரே கோப்பு என்பதால் மாலையில் அதைப் பென் டிரைவில் நகலெடுத்துத் தலைமை ஆசிரியரின் பீரோவில் வைத்துவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்களும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் யாருடைய வணிகச் சர்வரிலும் இல்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது.

இது ஏதோ ஒரு பள்ளியின் ஆர்வக் கோளாறு என்று நினைப்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னர் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்து, லினக்ஸ் வகைக் கட்டற்ற இயங்குதளமான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைத் தன் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் தானே உருவாக்கி அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பென் மேனர் என்ற பள்ளி மாவட்டம் 2014-இல் தன் உயர்நிலை மாணவர்களுக்கு 1,700-க்கும் மேற்பட்ட லினக்ஸ் மடிக்கணினிகளைக் கொடுத்தபோது, அவற்றில் மென்பொருளை நிறுவும் கருவியை எழுதியதிலும் பழுதுகளைக் கவனித்ததிலும் மாணவர்களுக்குப் பங்கு இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைத் திரட்டும் எமிஸ் தளத்தோடு இதற்குத் தொடர்பு இல்லாததால், அங்கே கேட்கும் விவரங்களை மறுபடியும் பதிய வேண்டியிருக்கிறது, அட்டவணையாகத் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக இது எடுத்துத் தருகிறது என்பது சிறு உதவி மட்டுமே. விண்டோஸ் கணினியில் நிறுவும் வழிகாட்டி போதாது. லினக்ஸில் எளிதாக முடிந்த வேலை அங்கே அரை நாளைத் தின்றது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுகளின் 20 மதிப்பெண்ணும் அக மதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணும் தனித்தனிக் கட்டங்களாக இருந்தாலும், பாடத்தொகுதியை நடு ஆண்டில் மாற்றிக்கொண்ட மாணவரின் பழைய மதிப்பெண்கள் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

இவற்றை விடப் பெரியது ஒன்று உண்டு. எழுதிய மாணவர்கள் பிளஸ் டூ முடித்ததும் போய்விடுகிறார்கள். பயிற்றுநரும் மாறுதல் கலந்தாய்வில் எந்த ஆண்டும் வேறு ஊருக்குப் போகக்கூடும். நிரலுக்குள் விளக்கக் குறிப்புகள் பாதி இடங்களில்தான் இருக்கின்றன. மாவட்டக் கல்வி அலுவலகம் இதைப் பராமரிக்க வாரத்தில் சில பாடவேளைகளை இரண்டு, மூன்று பள்ளிகளின் கணினிப் பயிற்றுநர்களுக்கு ஒதுக்கினால், தனியாரிடம் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுவதை விடக் குறைந்த செலவில் இது நிலைக்கும். அப்படி ஒதுக்காமல் பாராட்டுச் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் நிலைக்காது.

கணினிப் பயிற்றுநர் இருக்கும் மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பயிற்றுநர் இல்லாத உயர்நிலைப் பள்ளிகள் பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் துணையோடு எடுத்துக்கொள்வது நல்லது. எடுப்பவர்கள் முதல் தேர்வுக்கு ஒரே ஒரு வகுப்பை மட்டும் இதில் பதிந்து, காகிதப் பதிவேட்டையும் கூடவே எழுதி, இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பிறகு மற்ற வகுப்புகளைச் சேர்க்கவும். எழுத்துப் பிழையோ கணக்குப் பிழையோ கண்ணில் பட்டால், அதைத் திருத்திய கோப்பையே பர்கூர்ப் பள்ளிக்கு அனுப்பிவைக்கவும்.