வேலை நாளில் வீட்டில் தனியே நாய்: சங்கிலியா, கூடா, காம்பவுண்டா, வீட்டுக்குள்ளா?

குமரி மாவட்டத்துக் குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பப் பத்து மணி நேரமாவது ஆகும். வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் மூத்திரத்தை அடக்கும். குட்டி என்றால் மாத வயதோடு ஒன்றைக் கூட்டுங்கள். மூன்று மாதக் குட்டிக்கு நாலு மணி நேரம், அதுவே அதிகம். ஆகவே நாயை எங்கே விடுவது என்பதற்கு முன், மதியம் யார் வந்து பார்ப்பார் என்று முடிவு செய்யுங்கள்.

மரத்தடியில் சங்கிலி போட்டுக் கட்டுவதுதான் நம் பக்கம் வழக்கம். இருப்பவற்றில் மோசமானதும் அதுதான். காலையில் நிழலாக இருந்த இடத்தில் பதினோரு மணிக்கு வெயில் விழும். நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சங்கிலியை இறுக்கிக்கொள்ளும். தண்ணீர்ச் சட்டி ஒரு சாண் தள்ளிக் கிடக்கும், நாக்கு எட்டாது. தென்னை என்றால் மட்டையும் தேங்காயும் தலையில் விழும். குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிப்போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. வேறு வழியே இல்லையென்றால், இரண்டு தூண்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். வளையம் தூணை நெருங்காதபடி இரு முனையிலும் மூன்றடி தள்ளித் தடுப்பு வையுங்கள். கழுத்து முறுக்காமலிருக்கச் சுழலும் கொக்கி கட்டாயம்.

கம்பிக் கூடு சங்கிலியைவிடத் தேவலை, கூரை சரியாக இருந்தால். தகரக் கூரை மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் நாய் வெந்துபோகும். மேலே தென்னோலை வேயுங்கள். தரையை அரையடி உயர்த்தி, லேசாகச் சரிவு கொடுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அறையும், சாரலும் அதோடு வரும். கூட்டின் முதுகு மேற்கே இருக்கட்டும். பலகை இடுக்கில் உண்ணி முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து தடவி, கூட்டைக் கவனிக்காமல் விட்டால் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்.

காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விட்டால் நாய்க்குச் சந்தோஷம்தான், ஆனால் ஆபத்து கண்ணில் படாமல் கிடக்கும். எலி விஷம், பச்சை மரச்சீனித் (மரவள்ளிக் கிழங்கு) தொலி, ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில் வைத்த பார்மிக் ஆசிட், விறகு அடுக்கில் பாம்பு: நாலையும் தினமும் பார்த்துவிட்டுக் கிளம்ப முடிகிறவர்களுக்கே இது சரி. கேட்டுக்கு அடியில் தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடலும் நுழையும். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கும் நாய்க்கும் காம்பவுண்டு ஆகாது.

எங்கள் தேர்வு வீட்டுக்குள் ஓர் அறை. வெறும் தரை, வலை அடித்த சன்னல் திறந்திருக்க, ஃபேன் ஓட வேண்டும். கரண்ட் போகும் என்பதால் காற்றோட்டத்தை ஃபேனை மட்டும் நம்பி விடாதீர்கள். சார்ஜர் ஒயரும் செருப்பும் வெளியே போகட்டும். நாய்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். 15 கிலோ நாய்க்கு 750 முதல் 900 மில்லி. வெக்கையில் இன்னும் கூடும். கவிழ்க்க முடியாத கனத்த சட்டி இரண்டில், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வையுங்கள். நடுவே துளையுள்ள ரப்பர் பொம்மையில் சோறும் வேகவைத்த முட்டையும் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்துக் கிளம்பும்போது கொடுத்தால், ஆள் போனதைக் கவனிக்காமல் அதை நக்கிக்கொண்டிருக்கும்.

இதோடு மதியம் வர ஓர் ஆள். பக்கத்து வீட்டு அக்காவோ சித்தியோ சாவியை வாங்கிக்கொண்டு இருபது நிமிடம் வந்தால் போதும்: வெளியே விட்டு, சட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றி, பூட்டிவிட்டுப் போகலாம். முதல் வாரம் நீங்கள் இருக்கும்போதே அவர் கையால் தீனி கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கதவைத் திறக்கவே விடாது. சும்மா வரச் சொல்லாதீர்கள், மாதம் ஒரு தொகை பேசிக்கொண்டால்தான் மழையிலும் வருவார்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது பெரும்பாலும் பலிக்காது. ஆளைப் பிரிந்த ஏக்கத்தை நாய் தீர்க்காது. பழக்கித்தான் தீர வேண்டும்: பத்து விநாடி வெளியே போய் வருவது, பிறகு ஒரு நிமிடம், ஐந்து, பதினைந்து. பதற்றம் பெரும்பாலும் முதல் அரைமணியில்தான் உச்சத்தில் இருக்கும்; பழைய போனை வைத்து அந்த அரைமணியைப் பதிவு செய்து பாருங்கள். எச்சில் ஒழுக, நகம் ரத்தம் கசியக் கதவைச் சுரண்டி, வைத்த கறியைத் தொடாமலிருந்தால் அது குறும்பு இல்லை, பயம். அடிக்காமல் கால்நடை மருத்துவரிடம் அந்தப் பதிவைக் காட்டுங்கள்.