ஒரே பதிவு, நான்கு விடை: செம்பனைத் தோட்டத்தில் ஜிபிஎஸ் மென்பொருள் ஒப்பீடு

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுத் திடலில் பேஸ் ரிசீவர், அதாவது ஒப்பிடுவதற்கான நிலையான கருவி. மூன்று கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் ஓரத்து எல்லைக் கல்லின்மேல் ரோவர், அதாவது அளக்க வேண்டிய புள்ளியில் வைக்கும் கருவி. இரண்டும் ஒன்றரை மணி நேரம் அசையாமல் பதிவு செய்கின்றன. அந்த இரண்டு ரைனெக்ஸ் (எல்லாக் கருவிக்கும் பொதுவான பதிவு வடிவம்) கோப்புகளை ஆர்டிகேலிப், டிரிம்பிள் பிசினஸ் சென்டர், ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்போஸ், கனடா அரசின் சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி ஆகிய நான்கிலும் போட்டால் நான்கு விடை வரும். உடனே எழும் கேள்வி, எது நல்ல மென்பொருள் என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்பது. விலகலின் அளவிலேயே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

நூறு மீட்டருக்கு மேல் விலகினால் கணக்கில் பிழை இல்லை, டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமி மாதிரி, மாறியிருக்கிறது. பழைய தோட்ட வரைபடங்கள் கெர்தாவ் 1948 என்ற டேட்டத்தில் இருக்கும். பிந்தைய வேலைகள் ஜிடிஎம்2000 என்ற டேட்டத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் வரை விலகினால் பேஸின் ஆயத்தொலைவைப் பாருங்கள். அரை மீட்டர் அளவில் விலகினால் சட்டகமும் (ஆயத்தொலைவு எடுக்கும் உலக அமைப்பு) காலப்புள்ளியும் (அது எந்தத் தேதிக்கானது என்பது) வேறு. உயரம் மட்டும் ஐந்து, பத்து சென்டிமீட்டர் விலகினால் ஆன்டெனா. சில சென்டிமீட்டர் முதல் சில டெசிமீட்டர் வரை, ஒவ்வொரு புள்ளியிலும் வேறு வேறு திசையில் விலகினால் முழுஎண் தீர்வு, அதாவது செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்ற கணிப்பு, தவறியிருக்கிறது. மென்பொருளின் கணக்கு முறையைக் குறை சொல்ல இந்தக் கடைசி வகையில் மட்டும்தான் கொஞ்சம் இடமுண்டு.

அதனால் ஆயத்தொலைவுகளை ஒப்பிடுவதற்கு முன், பேஸிலிருந்து ரோவருக்கான வெக்டரை, அதாவது எக்ஸ், ஒய், இசட் வித்தியாசங்களை, ஒப்பிட வேண்டும். இணையச் சேவையில் பேஸ், ரோவர் இரண்டையும் தனித்தனியாக ஏற்றி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதே வெக்டர் கிடைக்கும். பேஸின் இடம் 20 மீட்டர் தவறாக இருந்தாலும் வெக்டரில் ஏறும் பிழை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். மூன்று கிலோமீட்டருக்கு அது 3 மில்லிமீட்டர். வெக்டர்கள் ஒத்துப்போய் ஆயத்தொலைவு மட்டும் ஒத்துப்போகவில்லையென்றால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

முதலில் ஆர்டிகேலிப். ஜப்பானின் டொமோஜி டகாசு எழுதியது. இலவசம், மூலநிரலும் திறந்தது. 2013-இல் வந்த 2.4.2 பதிப்பை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அது சீனாவின் பெய்டோ-3 செயற்கைக்கோள்களைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. மலேசிய வானத்தில் பெய்டோ நிறையத் தெரியும். மரங்களுக்கு நடுவே அதை இழப்பது பெரிய நஷ்டம். அதே நிரலிலிருந்து கிளைத்த டெமோ5 பதிப்பை எடுங்கள். எம்லிட் ஸ்டூடியோ என்ற மென்பொருளுக்கும் உள்ளே இயங்குவது ஆர்டிகேலிப்தான். ஆகவே இவ்விரண்டும் ஒரே விடை தந்தால், அதை இரண்டு சாட்சியாக எண்ணக் கூடாது.

ஆர்டிகேலிப்பின் கணக்கிடும் நிரலான ஆர்டிகேபோஸ்டில் அதிகம் பேர் விழும் குழி, பேஸ் நிலையத்தின் இடத்தைக் கேட்கும் பெட்டி. ‘தனிநிலைச் சராசரி’ என்று விட்டால், நிரல் பேஸின் இடத்தைச் சாதாரண கைபேசித் துல்லியத்தில் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். விளைவு, எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ நகர்ந்திருக்கும். ‘ஃபிக்ஸ்’ (முழுஎண் தீர்வு கிடைத்தது) என்று பச்சையாகத்தான் காட்டும், ஆனால் இடம் தவறு. ரைனெக்ஸ் தலைப்பில் உள்ள இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் ஆபத்துதான். பல ரிசீவர்கள் அங்கே எழுதிவைப்பது தோராய இடத்தை. எண்ணைக் கையால் அடித்துக் கொடுப்பதே நல்லது.

அடுத்தது ரஷ்யாவின் குளோனாஸ். பேஸ் ஒரு பிராண்டு, ரோவர் வேறு பிராண்டு என்றால் குளோனாஸ் முழுஎண் தீர்வை அணைத்துவிடுங்கள். அதன் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் வேறு அலைவரிசையில் பேசுவதால், பிராண்டுக்குப் பிராண்டு ஒரு சாய்வு புகுந்து முழுஎண்களைக் கெடுக்கும். முழுஎண் தீர்வு எவ்வளவு உறுதியாக இருந்தால் ஏற்பது என்பதைச் சொல்லும் விகித வரம்பு வழக்கமாக 3. ஃபிக்ஸ் வரவில்லை என்று அதை 1.5-க்கு இறக்குவது காய்ச்சல்மானியை உடைத்துவிட்டு ஜுரம் போய்விட்டது என்பதைப் போன்றது.

ஆர்டிகேலிப்பின் சாஸ்டமோய்னன் வளிமண்டல மாதிரி கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. அந்த எண்களில் உச்சி ஈரத் தாமதம், அதாவது நேர் மேலிருந்து வரும் சிக்னலைக் காற்றின் ஈரம் தாமதப்படுத்தும் அளவு, 12 சென்டிமீட்டர்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது 30 சென்டிமீட்டரைத் தொடும். இரண்டு முனைகளிலும் ஒரே உயரம், ஒரே வானிலை என்றால் கழித்தலில் அடிபட்டுப்போகும். மூன்று கிலோமீட்டர் சமவெளிக்குக் கவலையில்லை. ஆனால் பேஸ் தாப்பாவில், ரோவர் கேமரன் மலையில் என்றால் உயரத்தில் பல சென்டிமீட்டர் பிழை வரும். அப்போது தாமதத்தை மதிப்பிடும் தேர்வை இயக்கி, பதிவு நேரத்தையும் நீட்ட வேண்டும்.

டிரிம்பிள் பிசினஸ் சென்டர் உரிமத்துக்குக் காசு கேட்கும். காசுக்கேற்ற பலன் மூன்று இடத்தில் தெரியும். ஒவ்வொரு செயற்கைக்கோளின் பதிவையும் நேரக்கோட்டில் காட்டி, சிக்னல் துண்டு துண்டாக அறுந்த பகுதிகளை மட்டும் நீக்க விடுகிறது. ஆர்டிகேபோஸ்டில் ஒரு செயற்கைக்கோளின் எண்ணை எழுதி அதை முழுவதுமாக விலக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, கண்ணி மூடுதல்: வெக்டர்களைச் சுற்றிக் கூட்டினால் தொடங்கிய புள்ளிக்கே வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, வலையமைப்புச் சரிக்கட்டல்: எல்லா வெக்டர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பொருத்துவது. மூன்று நான்கு எல்லைக் கற்களை இரண்டு பேஸிலிருந்து அளந்திருந்தால், எந்த வெக்டர் பொய் சொல்கிறது என்று இதில் பிடிபட்டுவிடும். தனி வெக்டரைத் தரும் நிரலில் பிடிபடாது. லைக்கா இன்ஃபினிட்டியும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. கருவி எந்த நிறுவனத்தினுடையதோ அதன் மென்பொருளை எடுப்பது வசதி.

அந்த வசதி வேறு பிராண்டு ரைனெக்ஸ் உள்ளே வரும்போது குறைகிறது. ஆன்டெனா பெயர் பட்டியலில் பொருந்தவில்லையென்றால், அடையாளம் தெரியாத ஆன்டெனாவாக எடுத்துக்கொள்ளப்படும். ஆன்டெனா உண்மையில் சிக்னலைப் பிடிக்கும் புள்ளிக்கான அலைமையத் திருத்தம் சேராது. சர்வே ஆன்டெனாக்களில் அடித்தளத்துக்கும் அலைமையத்துக்கும் இடையே ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கலாம். அந்த முழு அளவும் உயரத்தில் வந்து விழும். சாய்வாக அளந்ததைச் செங்குத்தாக எழுதுவது இதைவிடச் சின்னப் பிழை: 1.600 மீட்டர் சாய்வு, 15 சென்டிமீட்டர் ஆரம் என்றால் 7 மில்லிமீட்டர்.

இரண்டு மென்பொருளும் ஒரு விஷயத்தில் ஒரேபோல் கதை அளந்துவிடும். நொடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரப் பதிவைக் கொடுத்தால், 3600 தனித்தனி அளவுகள் கிடைத்ததாக நினைத்து 1, 2 மில்லிமீட்டர் பிழை என்று அறிக்கை எழுதும். தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் அலை பல நிமிடங்கள் ஒரே பக்கம் இழுக்கும் என்பது அதன் கணக்கில் இல்லை. தொடக்கத்தில் பேஸை ஆபீஸ் கூரையில் வைக்காமல் திடலில் வைத்தது இதற்காகத்தான். பதிவை 15 அல்லது 30 நொடிக்கு ஒன்றாகக் குறைத்துப் போட்டால் அறிக்கை கொஞ்சம் நேர்மையாகும்.

இணையச் சேவைகளுக்கு வருவோம். ஆஸ்போஸ் அருகிலுள்ள சர்வதேச நிலையங்களோடு கோர்த்துக் கணக்கிடும். இரட்டை அலைவரிசை ஸ்டாட்டிக் பதிவு குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும், இரண்டு மணி நேரம் இருந்தால் நல்லது. சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி தனி ரிசீவரை வைத்தே கணக்கிடும்; நகரும் பதிவையும் ஏற்கும். பேஸ் புள்ளியை ஆறு மணி நேரம் பதிந்து இரண்டிலும் போட்டு, ஓரிரு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் நிம்மதியாக நம்பலாம். எல்லைக் கல்லுக்கு இவை தோதல்ல. ஓலைக்கடியில் பத்து நிமிடத்துக்கொரு முறை சிக்னல் அறுபட்டால் ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

முக்கியமான பொறி வேறொன்று. இந்தச் சேவைகள் பதிவு செய்த தேதிக்கான விடையை உலகச் சட்டகத்தில் தருகின்றன. ஜிடிஎம்2000 ஐடிஆர்எஃப்2000 என்ற உலகச் சட்டகத்தில், 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிற்கிறது. தீபகற்பம் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிழக்கே நகர்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் லங்காவியைச் சுமார் 17 சென்டிமீட்டர் மேற்கே இழுத்தது. தெற்கே போகப் போக அந்த இழுப்பு குறைவு. அதனால் நாடு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கழித்துச் சரிசெய்ய முடியாது. நடைமுறை வழி: பக்கத்து மைஆர்டிகேநெட் (நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களின் வலையமைப்பு) நிலையத்தின் அதே நாள் ரைனெக்ஸை மலேசிய நில அளவைத் துறையான ஜூபெமிடம் வாங்கி, அதே சேவையில் போடுங்கள். கிடைக்கும் விடைக்கும் ஜூபெம் தரும் ஜிடிஎம்2000 எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் புள்ளியில் சேருங்கள். வாங்கும்போது நேரத்தைக் கவனிக்க வேண்டும். நம் காலை 8 மணிக்குத்தான் உலக நேரத்தில் நாள் மாறும். 7 மணிக்குத் தொடங்கிய பதிவு இரண்டு நாள் கோப்புகளில் கிடக்கும். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு, பொதுநேரம் போதவில்லை என்று நிரல் சொல்வதைக் கேட்டுக் குழம்புவார்கள்.

உயரம் கடலோரத் தோட்டங்களுக்குத்தான் உயிர். மதகும் வாய்க்காலும் அதை வைத்தே ஓடுகின்றன. ஜிபிஎஸ் தரும் நீள்வட்ட உயரம் (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது) இந்தப் பக்கம் மைனஸில் வரும், பயப்பட வேண்டாம். சராசரிக் கடல்மட்டத்தை ஒத்த பரப்பான ஜியாய்டு அங்கே நீள்வட்டத்துக்குப் பல மீட்டர் கீழே இருக்கிறது. கிள்ளான் துறைமுகக் கடல்மட்டத்துக்குப் பொருத்திய மைஜியாய்டு மாதிரியை வைத்து உயரத்தை மாற்ற வேண்டும். ஆஸ்போஸ் தரும், உலகப் பொது ஜியாய்டு மாதிரியான ஈஜிஎம்2008-இன் உயரத்தை அப்படியே மதகுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வரைபடத்துக்கு மலேசியாவின் ஆர்எஸ்ஓ கட்டம் என்றால், அதன் ஈபிஎஸ்ஜி குறியீடு ஜிடிஎம்2000-க்குரிய 3375-ஆ, கெர்தாவுக்குரிய 3168-ஆ என்று பாருங்கள். ஆர்எஸ்ஓவின் மையக்கோட்டில் அளவுக்காரணி 0.99984, அதன் அருகே ஒரு கிலோமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் கட்டத்தில் குறைந்து காட்டும். டேப்பில் அளந்த தூரத்தோடு ஒத்துவரவில்லை என்று மென்பொருளை மாற்றாதீர்கள்.

வேலைக்கேற்ற தேர்வு இப்படி: பேஸ் புள்ளிக்கு இரண்டு இணையச் சேவைகள், சில கிலோமீட்டர் வெக்டர்களுக்கு டெமோ5 போதும், பத்துக்கு மேற்பட்ட கற்கள், அறிக்கை கேட்கும் நிர்வாகம் என்றால் டிரிம்பிளோ லைக்காவோ. முதிர்ந்த செம்பனைக்கு நடுவே இருக்கும் கல்லுக்கு எந்த மென்பொருளும் கைகொடுக்காது. லோரிப் பாதையில் வானம் தெரியும் இடத்தில் இரண்டு புள்ளிகளை ஜிபிஎஸ்ஸில் பிடித்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனில் கல்லுக்குப் போங்கள். பதிவைக் காலையில் முடியுங்கள். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலம் கலங்கிச் சிக்னலை அறுக்கும். பட்டாவுக்கான எல்லை அளவை உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் செய்ய வேண்டும். அவரிடம் வெக்டர் அறிக்கையோடு மூல ரைனெக்ஸையும், இரண்டு முறை அளந்து எழுதிய ஆன்டெனா உயரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.