மூன்றாம் தவணைப் புள்ளிப் பட்டியலுக்கு கூகுள் ஷீட்ஸ்: புது ஆசிரியருக்குக் கொடுக்கலாமா?

வருடக் கடைசியில் ஒரு வகுப்பாசிரியரின் மேசைக்கு வருகிற எண்களை எண்ணிப் பாருங்கள். பத்தாம் தரம், 38 பிள்ளைகள், ஆளுக்கு 9 பாடம் என்றால் 342 புள்ளிகள். மூன்று தவணையும் சேர்த்தால் 1,026. இவ்வளவையும் கூட்டி, சராசரி கண்டு, நிலை போட்டு, தேர்ச்சி அறிக்கையில் ஏற்றி, அதிபரின் கையெழுத்து வாங்கவேண்டும். அதே கிழமையில்தான் பாடநூல்களைத் திருப்பி எடுப்பதும், மேசை கதிரைக் கணக்கும், வரவு இடாப்பின் கூட்டுத்தொகையும் வந்து நிற்கும். இருபது வருடம் செய்தவருக்கு இது கைப்பழக்கம். நியமனம் கிடைத்து முதல் வருடத்தை முடிக்கிறவருக்கு, நிலை போடுவது எப்படி என்று பெரும்பாலும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அந்த ஒரு வேலைக்கு மட்டும், இணையத்தில் பலர் சேர்ந்து நிரப்பக்கூடிய அட்டவணை மென்பொருளான கூகுள் ஷீட்ஸ் எவ்வளவு உதவும் என்று இங்கே பார்க்கிறோம். எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒரு புள்ளி எதற்குக் குறைந்தது என்பது கீழே வரும். அதில் பாதிக் குற்றம் மென்பொருளுடையது அல்ல.

காசு கிடையாது. கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும், கணக்கோடு வரும் 15 ஜிகாபைட் இடத்தில் ஒரு வகுப்பின் பட்டியல் தூசுக்குச் சமம். எக்ஸலில் செய்யக்கூடிய கூட்டல், சராசரி, நிலை எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் எக்ஸல் கோப்பு பாடசாலைக் கணினி அறைக்குள் கிடக்கும், திறப்பு ஒருவரிடம் இருக்கும். திருகோணமலையில் இது சின்ன விசயமில்லை. ஒரே பாடசாலையில் ஒருவர் கிண்ணியாவிலிருந்து வருவார், ஒருவர் மூதூரிலிருந்து வருவார், இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்காரர், உவர்மலையில் அறை எடுத்து இருப்பார். தவணை முடிந்த அன்றிரவே யாழ்ப்பாணத்துக்காரர் பஸ் ஏறிவிடுவார். கணிதப் புள்ளி வரவில்லை என்று வகுப்பாசிரியர் மூன்று நாள் காத்திருப்பது இப்படித்தான். அவரவர் இருந்த இடத்திலிருந்தே தங்கள் பாடத்தை ஏற்றலாம் என்பதற்காகவே நாலு புள்ளியில் இரண்டைக் கொடுக்கலாம்.

அமைப்பு எளிது. முதல் நிரலில் அனுமதி இலக்கம், இரண்டாவதில் பெயர், அதன் பிறகு பாடங்கள், கடைசியில் மொத்தம், சராசரி, நிலை. இலக்கம் பூச்சியத்தில் தொடங்கினால் ஷீட்ஸ் அந்தப் பூச்சியத்தைத் தின்றுவிடும். 0457 என்று அடித்தால் 457 என்று நிற்கும். எனவே அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நிரல் முழுவதையும் பிளெய்ன் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். பத்தாம், பதினோராம் தரங்களில் ஆறு பாடங்கள் எல்லாருக்கும் பொது, மூன்று பாடங்கள் பிள்ளை தானே தெரிவு செய்யும் தொகுதிப் பாடங்கள். சித்திரம், சங்கீதம், நடனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் திறந்தால் பட்டியல் ஒரு முழ நீளம் போகும், பாதிக் கலங்கள் வெறுமையாகக் கிடக்கும். தொகுதி 1, தொகுதி 2, தொகுதி 3 என்று மூன்றே நிரல் போட்டு, பக்கத்தில் பாடத்தின் பெயருக்கு ஒடுக்கமான ஒரு நிரல் விடுவதே அச்சடிக்கும்போது உதவும்.

இனிப் பிழைகள். முதல் வருடக்காரர் பெரும்பாலும் விழும் குழி நிலை போடும் இடம். நிலையைக் கணக்கிடும் ராங்க் என்ற சார்பை முதல் பிள்ளைக்கு எழுதிவிட்டு அப்படியே கீழே இழுப்பார்கள். வீச்சுக்கு, அதாவது ஒப்பிடவேண்டிய கலங்கள் எதிலிருந்து எதுவரை என்று எழுதும் இடத்தில், டொலர் குறி போடாவிட்டால், இழுக்க இழுக்க வீச்சும் சேர்ந்து ஒவ்வொரு நிரையாகக் கீழே இறங்கும். பத்தாவது பிள்ளை தனக்கு மேலுள்ள ஒன்பது பேரோடு ஒப்பிடப்படாது. கடைசிப் பிள்ளை தன்னோடு மட்டுமே ஒப்பிடப்படும், ஆகவே அதற்கு எப்போதும் முதலாம் நிலை. பட்டியலின் அடியிலுள்ள பிள்ளைக்கு 1 என்று விழுந்திருந்தால் வேறெங்கும் தேடவேண்டாம், டொலர் குறியைப் பாருங்கள். வீச்சின் தொடக்கம், முடிவு இரண்டிலும் நிரை எண்ணுக்கு முன்னால் அது இருக்கவேண்டும்.

இரண்டு பிள்ளைகள் ஒரே மொத்தம் எடுத்தால் ஷீட்ஸ் இருவருக்கும் 4 என்று போட்டு அடுத்த பிள்ளைக்கு 6 என்று போடும். சில பாடசாலைகளில் அடுத்தது 5. எது உங்கள் வழக்கம் என்று புதியவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பரிசளிப்புப் பட்டியல் போன பிறகு திருத்துவது மனவருத்தத்தில்தான் முடியும்.

பரீட்சைக்கு வராத பிள்ளை அடுத்த சிக்கல். ஏபி என்று எழுத்தாக அடித்தால் மொத்தம் சரியாக வரும், ஆனால் சராசரி அந்தப் பாடத்தையே கணக்கில் எடுக்காது. 7 பாடம் எழுதி 560 எடுத்த பிள்ளைக்குச் சராசரி 80. 9 பாடமும் எழுதி 700 எடுத்த பிள்ளைக்கு 77.8. சராசரியை வைத்து நிலை போட்டால் இரண்டு சோதனைக்கு வராத பிள்ளை முன்னுக்கு நிற்கும். அதற்காகப் பூச்சியம் போட்டால், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் படிக்காத பிள்ளையாகக் காட்டும். பெரும்பாலும் மொத்தத்தை வைத்து நிலை போட்டு, வராதவரின் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதுவதே நியாயம். ஆனாலும் அது பகுதித் தலைவர் எடுக்கவேண்டிய முடிவு. முதல் வருட ஆசிரியரின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

இன்னொன்று கண்ணுக்கே படாது. முதலாம் பகுதிக்கு 40, இரண்டாம் பகுதியை 120க்குத் திருத்தி இரண்டால் பிரித்து 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை முதலாவதில் 31, இரண்டாவதில் 87. பாதி 43.5, மொத்தம் 74.5. பட்டியல் அழகாக இருக்கட்டும் என்று தசமத்தை மறைத்துவிட்டால் திரையில் 75 என்று தெரியும். உள்ளே இருப்பது 74.5தான். தரம் போடும் சார்பு உள்ளே இருப்பதைப் பார்த்து பி சித்தி என்று போடும். 75க்கு ஏ என்றிருக்க, தேர்ச்சி அறிக்கையில் 75க்கு நேரே பி இருந்தால் எந்தத் தாய்தான் கேட்காமல் போவார்? மொத்தத்தை எடுக்கும் இடத்திலேயே ரவுண்ட் என்ற சார்பால் முழு எண்ணாக்கிவிட்டு, அதன் பிறகு தரம் போடவேண்டும். தரம் போடும்போது இஃப் சார்பில் பெரிய எல்லையிலிருந்து இறங்கி வாருங்கள்: முதலில் 75, பிறகு 65. சிறிய எல்லையை முதலில் எழுதினால் சித்தியடைந்த எல்லாருக்கும் எஸ், அதாவது சாதாரண சித்தி, விழும்.

அடிக்கும்போது வரும் பிழைகளும் உண்டு. 70க்குப் பூச்சியத்துக்குப் பதிலாக ஓ என்ற ஆங்கில எழுத்து விழுந்தால் ஷீட்ஸுக்கு அது எண் அல்ல, மொத்தத்தில் சேராது. அடையாளம் சொல்கிறோம்: எண்கள் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிவிட்டது இடப்பக்கம் போய் நிற்கும். 0 முதல் 100 வரை மட்டும் ஏற்கும்படி டேட்டா வேலிடேஷன் போடலாம். ஆனால் ‘நிராகரி’ என்று வைத்தால் ஏபியையும் ஏற்காது, எச்சரிக்கை மட்டும் காட்டும்படி வையுங்கள். 69ஐ 96 என்று மாற்றி அடித்ததை எந்த வேலிடேஷனும் பிடிக்காது. அதற்குப் பழைய கணக்காளர் வழிதான். விடைத்தாள் கட்டின் மேலிருக்கும் புள்ளித் தாளைக் கல்குலேட்டரில் கூட்டி, ஷீட்ஸின் நிரல் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 9ஆல் மிச்சமின்றிப் பிரிபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்; 96க்கும் 69க்கும் வித்தியாசம் 27. தனியாக அடிப்பதைவிட, ஒருவர் வாசிக்க ஒருவர் அடிப்பது நல்லது. பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுப்பது ஒரு மூத்த ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்காது.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். அலுவலகத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியல் பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டிருக்கும். அதை ஷீட்ஸில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள் வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கவேண்டும். மாற்றிய பின் ஷ, ஜ, ஸ்ரீ வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையால் அடிப்பதிலும் ஒரு கள்ளன் இருக்கிறான். கௌசிகா என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடிப்பவர்கள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு பெயர். இரண்டாம் தவணைத் தாளிலிருந்து பெயரை வைத்துப் புள்ளியை இழுத்தால் கௌசிகாவுக்கு மட்டும் பிழைச் செய்தி வரும். அதனால்தான் எதையும் அனுமதி இலக்கத்தை வைத்துப் பொருத்தச் சொல்கிறோம். பெயர் ஒழுங்கில் அடுக்கும்போதும் முழுப் பட்டியலையும் தெரிவு செய்யுங்கள். பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்து அடுக்கினால் பெயர்கள் நகரும், புள்ளிகள் அங்கேயே நிற்கும். ஒரு பிள்ளையின் புள்ளி இன்னொன்றுக்குப் போய்விடும். உடனே கவனித்தால் அன்டு போதும். பிந்தினால் கணினியில் கோப்பைத் திறந்து வேர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய்ப் பழைய நிலையை மீட்கலாம். எக்ஸலை பென்டிரைவில் கொண்டு திரிகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

போனில் வேலை நடக்கும், ஆனால் கண் வலிக்கும். பெயர் நிரலையும் தலைப்பு நிரையையும் ஃபிரீஸ் செய்யாவிட்டால் யாருக்கு அடிக்கிறோம் என்றே தெரியாது. சிக்னல் வந்து போகும் இடத்தில் இருப்பவர் கோப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கலத்தில் இருவர் ஆஃப்லைனில் அடித்தால் ஒன்று மற்றதை மேவிவிடும். ஆகவே ஒரு பாடத்துக்கு ஒருவர் மட்டும். இதைக் கணினியில் உறுதிப்படுத்தலாம்: டேட்டா மெனுவில் புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் என்பதற்குள் போய், ஒவ்வொரு நிரலையும் அந்தப் பாட ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். மொத்தம், நிலை நிரல்கள் வகுப்பாசிரியருக்கு மட்டும். ‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’ என்று வைத்து அதை வட்ஸ்அப் குழுவில் போடுவது வீட்டுத் திறப்பைச் சந்தியில் தொங்கவிடுவது போல.

அச்சுக்கு கொமியூனிகேஷன் கடைக்குப் போகும்போது பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். எக்ஸலாக இறக்கினால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வரிகள் குலையலாம். கடைக் கணினியில் கூகுள் கணக்கைத் திறப்பதும் வேண்டாம். 38 பெயரும் 9 பாடமும் ஏ4 தாளில் கிடைமட்டமாக, ஃபிட் டு விட்த் கொடுத்தால் வாசிக்கக்கூடிய அளவில் வரும். தேர்ச்சி அறிக்கையில் கையால் ஏற்றுவதற்கு ஜெல் பேனை எடுக்காதீர்கள். மார்கழி ஈரத்தில் மை ஊறும். சாதாரண போல்பொயின்ற் போதும்.

குறைத்த ஒரு புள்ளிக்கு வருகிறோம். பூட்டும் வேலை, பழைய பதிப்பை மீட்கும் வேலை போன்றவற்றுக்குக் கணினி தேவைப்படுவது பாதிக் காரணம். மற்றப் பாதி மனிதர்களுடையது. புது மிஸ்ஸுக்கு ஷீட்ஸ் தெரியும் என்று ஸ்டாஃப் ரூமில் பரவினால், மறுநாள் ஐந்து வகுப்பின் புள்ளித் தாள்கள் அவர் மேசையில் இருக்கும். “தங்கச்சி, நீங்கள் கெதியாச் செய்வீங்கள்தானே” என்பதற்கு, நியமனம் உறுதியாகாத ஒருவர் இல்லை என்று சொல்லமுடியாது. உதவி என்று தொடங்கியது புதியவரைத் தட்டச்சுக்காரராக்கி முடிகிறது. அவரவர் நிரலை அவரவர் நிரப்பவேண்டும் என்று உப அதிபரே ஒரு வார்த்தை சொன்னால்தான் இது நிற்கும். போனில் அடிக்கத் தெரியாத மூத்தவருக்கு மாணவத் தலைவரை வைத்து அடிப்பிக்காதீர்கள். புள்ளி வெளியே போகும். பக்கத்து மேசை ஆசிரியர் உதவட்டும்.

அதேபோல் சூத்திரம் எல்லாம் போட்டு முடித்த தாளைப் புதியவருக்கு அனுப்பிவைப்பதும் அரை உதவிதான். அடுத்த வருடம் ஒரு நிரல் கூடினால் அவர் மறுபடி உங்களிடம்தான் வருவார். முக்கால் மணித்தியாலம் ஒதுக்கி, ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும் கற்பனைப் புள்ளி போட்டு, மொத்தத்தையும் நிலையையும் அவரையே எழுதவிடுங்கள். டொலர் குறியை வேண்டுமென்றே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உண்மைப் பட்டியலில் பிழை கண்டால் நீங்களே திருத்தாமல் அந்தக் கலத்தில் கொமென்ட் போடுங்கள்.

கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதையும் தவணை முடிய முன் பார்த்துவிடுங்கள். வருடாந்த இடமாற்றத்தில் போகிறவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் அழிக்கும் நாளில் எல்லாருக்கும் அழியும். பாடசாலைக்கென ஒரு கணக்குத் திறந்து அதிலேயே கோப்பை உருவாக்குங்கள். கடவுச்சொல்லைக் கடித உறையில் போட்டு ஒட்டி அதிபரின் அலுமாரியில் வையுங்கள். இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம் என்பதால், ஒவ்வொரு முதலாம் தவணைத் தொடக்கத்திலும் யாராவது ஒருவர் உள்ளே போய்வரவேண்டும். இறுதிப் பட்டியலை அச்சடித்து, அதிபரின் கையெழுத்தோடு புள்ளிப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் பழைய மாணவர் ஒருவர் பெறுபேறு கேட்டு வந்தால் அதைத்தான் புரட்டுவார்கள்.