எபிசோடா, எர்லி ஆக்சஸா: இரண்டே பேர் கேம் செய்யும்போது

நானும் நண்பன் ஒருவனும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். தனியார் டவுன் பஸ் ஒன்றை நடத்த வேண்டும்: ஆள் ஏற்றுவது, டிக்கெட் கிழிப்பது, பின்னால் வரும் போட்டி பஸ்ஸுக்கு முன்னால் ஸ்டாண்டுக்குள் நுழைவது. முழுக்க முடியும்வரை விற்காமல் காத்திருக்க எங்களுக்கு மனமில்லை. அப்படியானால் இரண்டு வழிதான். கதையை ஐந்து எபிசோடாக வெட்டி ஒவ்வொன்றாக வெளியிடலாம். அல்லது பாதியில் நிற்கும் கேமை, கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் எர்லி ஆக்சஸில் போட்டு, விற்றுக்கொண்டே கட்டலாம். நாங்கள் எர்லி ஆக்சஸ் பக்கம் போய்விட்டோம், அதனால் இங்கே நடுநிலையை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டிலும் காசு கொஞ்சம் முன்னாலேயே வரும், இரண்டிலும் ‘மீதி எப்போ?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதெல்லாம் தெரிந்த கதை.

எபிசோடுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கைக்கு வருவது சின்னதானாலும் முடிந்த பொருள். டெல்டேல் என்ற ஸ்டுடியோ 2012இல் ‘தி வாக்கிங் டெட்’ கேமை ஐந்து எபிசோடாக விட்டபோது, இடைப்பட்ட வாரங்களில் யாரைக் காப்பாற்றினாய், யாரை விட்டாய் என்று ஆடியவர்கள் பேசித் தீர்த்தார்கள். 2015இல் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’சுக்கும் அதே கதை. ஆனால் அங்கெல்லாம் வேலை செய்ய ஒரு ஸ்டுடியோவே இருந்தது. மிகச் சின்ன குழு செய்த ‘கென்டக்கி ரூட் ஜீரோ’வைப் பாருங்கள்: முதல் அங்கம் 2013 ஜனவரியில், ஐந்தாவது 2020 ஜனவரியில். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேல். கேம் அருமை, சந்தேகமே இல்லை. அவ்வளவு பொறுமையான ரசிகர்கள் நமக்கும் வாய்ப்பார்கள் என்று நம்பி இறங்கத்தான் தைரியம் வரவில்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்த்தது வேறு விஷயம்: வெளியே போன பிறகும் கை வைக்க முடியுமா? எபிசோடில் பக்கை, அதாவது கோடில் உள்ள பிழையை, சரிசெய்யலாம், ஆட்டத்தின் விதியை மாற்ற முடியாது. மூன்றாவது எபிசோட் செய்யும்போதுதான் அடிப்படையே சலிப்பூட்டுகிறது என்று தெரிகிறது என வையுங்கள். அதற்குள் முதல் இரண்டையும் ஆடி முடித்து, ரிவ்யூவும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். கதையிலும் இதே சிக்கல்தான். முதல் எபிசோடில் ஆடுபவர் செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக் காசு கொடுத்தாரா இல்லையா என்பதை ஐந்தாவது வரை சுமந்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட, புதிதாக வாங்குகிற ஒவ்வொருவரும் முதல் எபிசோட் வழியாகத்தான் உள்ளே வருவார். அது நமக்குத் தொழில் பிடிபடாத காலத்தில் செய்தது. நம் பழைய வேலைதான் என்றைக்கும் வாசலில் நிற்கும்.

எங்கள் கேமில் கண்டக்டர் சில்லறையை ஒவ்வொரு நாணயமாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். எர்லி ஆக்சஸில் விட்டதும் ஒருவர் எழுதினார்: ‘பஸ் நடத்த வந்தேன், பேங்க் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டீர்கள்.’ காலை நெரிசலில் அது உண்மைதான். இன்னொருவர் வழி சொன்னார்: டிக்கெட் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னால் என்ன? பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள். அதைச் சேர்த்தோம். இப்போது பாக்கி எழுதினால் வண்டி சீக்கிரம் நகரும், ஆனால் ஸ்டாண்டில் இறங்கும்போது பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள், கொடுக்காமல் விட்டவர் மறுநாள் போட்டி பஸ்ஸில் ஏறுவார். கேமின் உயிரே இப்போது அதுதான். எபிசோடாக விட்டிருந்தால் இதற்காக முதல் எபிசோடைப் பிரித்து மறுபடி கட்டியிருக்க வேண்டும்.

கதைக்கு எர்லி ஆக்சஸ் ஒத்துவராது என்பார்கள். ஆனால் ‘ஹேடிஸ்’ என்ற கேம் 2018 டிசம்பரிலிருந்து 2020 செப்டம்பர் வரை அப்படித்தான் வளர்ந்தது, முடிவை மட்டும் முழு வெளியீட்டுக்கென்று பிடித்துவைத்தார்கள். செத்துச் செத்துத் திரும்பி வரும் ஆட்டம், எங்கே வேண்டுமானாலும் புது வசனத்தைச் செருகலாம். எல்லாக் கதைக்கும் அந்த வசதி கிடையாது.

பராமரிப்புச் செலவையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அப்டேட்டும் பழைய சேவ்களை, அதாவது ஆடியவர் விட்ட இடத்தைச் சேமித்துவைத்த ஃபைல்களை, உடைக்கப் பார்க்கும். எங்கள் சேவ் ஃபைலின் முதல் வரியில் ஒரு பதிப்பு எண் இருக்கிறது. அதைப் பார்த்து, பழைய சேவைப் படிப்படியாகப் புது வடிவத்துக்கு மாற்றும் கோட் தனியாக ஓடும். அப்டேட் விடும் முன், சேர்த்துவைத்த பழைய சேவ் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். சில வாரம் இந்த வேலைக்கே போய்விடும். வாங்கியவர்களின் கோபம் இன்னொன்று. 2015இல் ‘டார்க்கெஸ்ட் டஞ்சன்’ என்ற கேம் எர்லி ஆக்சஸில் இருந்தபோது, செத்த எதிரியின் பிணம் களத்திலேயே கிடக்கும்படி மாற்றினார்கள். பெரிய சண்டையாகி, பிறகு அதை அணைத்து வைக்க ஒரு ஆப்ஷன் வந்தது. மாற்றும் சுதந்திரத்துக்கு இது விலை. ஆரம்பகால ரிவ்யூக்களும் எங்கேயும் போகாது, எர்லி ஆக்சஸ் முத்திரையோடு அப்படியே நிற்கும்.

நடுவில் நின்றுபோனால்? டெல்டேல் 2018இல் ‘தி வாக்கிங் டெட்’டின் கடைசி சீசன் நடுவில் ஆட்களை அனுப்பிவிட்டது, கடைசி எபிசோடுகளை ஸ்கைபவுண்ட் என்ற வேறு நிறுவனம் எடுத்து முடித்தது. எர்லி ஆக்சஸில் இருந்த ‘ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9’ கேம் 2014இல் சொன்னதில் பாதியைக் கைவிட்டுவிட்டு, முழுப் பதிப்பு இதுதான் என்று முடித்துக்கொண்டது. இதில் எது மோசம் என்று கேட்டால், முடிவில்லாத கதையைவிட குறையோடு ஓடுகிற ஆட்டம் பரவாயில்லை என்பேன். விற்பனையே இல்லாவிட்டாலும் கேமை முடிக்க வழியில்லாதவர்கள் எர்லி ஆக்சஸுக்கு வர வேண்டாம் என்று ஸ்டீமே டெவலப்பர்களுக்குச் சொல்கிறது. எங்களுக்குச் சம்பளம் வேறிடத்திலிருந்து வருவதால் தப்பித்தோம்.

எபிசோடை நான் சொந்தமாக வெளியிட்டதில்லை, காகிதத்தில் திட்டம் போட்டதோடு சரி. முழு வெளியீட்டுக்கும் நாங்கள் இன்னும் வரவில்லை, அன்றைக்கு மறுபடி ஒருமுறை ஆட்களின் கவனம் எங்கள் பக்கம் திரும்புமா என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும். ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்டால் தீர்ந்துபோகிற மர்மக் கதை செய்பவர்களை எர்லி ஆக்சஸுக்கு வா என்று கூப்பிட மாட்டேன். அவர்கள் ‘டெல்டாரூன்’ என்ற கேம் போன வழியைப் பார்க்கலாம்: முதல் இரண்டு அத்தியாயம் 2018இலும் 2021இலும் இலவசம், 2025இல் மூன்றும் நான்கும் சேர்ந்து வந்தபோதுதான் விலை. அதற்குப் பின் வருகிற அத்தியாயங்களுக்குத் தனிக் காசு இல்லை.