ஹெச்பிஏ1சியா, சிஆர்பியா: ரிப்போர்ட்டில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட், 7.1%. அதற்குக் கீழ் வரியில் உடம்பின் அழற்சியைக் காட்டும் ஹைசென்சிடிவ் சிஆர்பி 14 மி.கி./லி. சுகர் பரவாயில்லை, அழற்சிதான் எகிறிக் கிடக்கிறது என்று மிரள வேண்டாம். போன வாரம் சளி, காய்ச்சல், பல்வலி ஏதாவது இருந்ததா என்று யோசியுங்கள். சிஆர்பி கல்லீரல் சுரக்கும் புரதம். சின்னத் தொற்றுக்கே குதிக்கும், காரணம் போனதும் சில நாளில் இறங்கிவிடும். அதனால்தான் 10-ஐத் தாண்டினால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். உடம்பு சரியாக இருக்கும்போது 1-க்குக் கீழ் என்றால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் அதிகம். சர்க்கரையைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது.

ஹெச்பிஏ1சி இப்படித் துள்ளாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையின் கணக்குதான் ஹெச்பிஏ1சி. டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அதைக் கூட்டிக் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணு சீக்கிரம் சிதைந்தாலோ குறைத்துக் காட்டும். அப்போது குளுக்கோமீட்டர் அளவுகள்தான் துணை.

இஎஸ்ஆர்? அதுவும் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான். ஆனால் வயது, ரத்தசோகை எல்லாவற்றுக்கும் ஏறும். இந்தப் போட்டியில் அதைச் சேர்க்கவே மாட்டேன்.

ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும் என்பதுதான் பலருக்கும் உள்ள தப்புக்கணக்கு. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஜூபிடர் ஆய்வில் (2008) ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சிஆர்பியை 37% குறைத்தது. அதே மாத்திரை எடுத்தவர்களில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் சற்றே அதிகம். 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில் அழற்சியை மட்டும் குறிவைத்த ஊசி மாரடைப்பைக் குறைத்தது, புதிதாகச் சர்க்கரை நோய் வருவதைத் தடுக்கவில்லை. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகளும் கூடின.

ஆகவே மருந்தின் அளவை மாற்ற என் ஓட்டு ஹெச்பிஏ1சிக்குத்தான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு துரத்தக் கூடாது: 6-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்த அக்கார்ட் ஆய்வில் இறப்பு கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையை 2008-இல் நிறுத்தினார்கள். சிஆர்பி, இதய ஆபத்தை எடைபோட டாக்டர் கேட்டால் மட்டும் போதும்.

இரண்டு எண்ணும் சேர்ந்து இறங்கும் இடங்களும் உண்டு. ஒன்று எடைக்குறைப்பு. இன்னொன்று, பலரும் கண்டுகொள்ளாத ஈறு நோய். அதற்கு வைத்தியம் பார்த்தால் இரண்டுமே கொஞ்சம் குறைகின்றன. ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க லேப்புக்குப் போக வேண்டாம், காலையில் பல் துலக்கித் துப்பும்போதே தெரிந்துவிடும்.