நூலா, குட்டி பிரஷ்ஷா, வாட்டர் ஃபிளாசரா? ஈறு ரத்தத்துக்கு ஒரு வீட்டுப் பஞ்சாயத்து

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுக் குளியலறை அலமாரியைத் திறந்தால், ஈறுக்கென்றே வாங்கிய சாமான் ஏழு வரிசையாக நிற்கும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய மெழுகு தடவிய நூல் ஒரு டப்பா, வில் மாதிரி பிளாஸ்டிக்கில் நூலை இழுத்துக் கட்டிய குச்சிகள், அதே இடுக்கில் நுழைகிற குட்டி பிரஷ் பாக்கெட், மனைவி தள்ளுபடியில் வாங்கிய, நீரைப் பீய்ச்சுகிற வாட்டர் ஃபிளாசர், நீல மவுத்வாஷ், அம்மாவின் நல்லெண்ணெய்ப் புட்டி, ஒரு ஜாடி கல்லுப்பு. இத்தனை ஆயுதம் இருந்தும் போன வருஷம் வரை நான் பல் தேய்த்துத் துப்பினால் நுரை ரோஸ் நிறத்தில்தான் விழும்.

ஒவ்வொரு சாமானுக்கும் வீட்டில் ஒரு கட்சி உண்டு. அம்மா எண்ணெய்க் கட்சி. மனைவி ஃபிளாசர் கட்சி. நான், எதையும் ஒரு வாரத்துக்கு மேல் செய்யாத கட்சி. பிறகு ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்து பார்த்து, கொஞ்சம் படித்தும் பார்த்துத்தான் இந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தம் ஏன் வருகிறது என்பது தெரிந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். பல்லில் பிசுபிசுவென்று ஒரு படலம் ஒட்டும், பல் மருத்துவர்கள் பிளாக் என்பார்கள். நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவு மாதிரி வரும். அத்தனையும் பாக்டீரியா. ஈறு ஓரத்தில் அது நாள்கணக்கில் தங்கினால் ஈறு வீங்கும், சிவக்கும், தொட்டால் ரத்தம் விடும். 1965ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற ஆய்வாளரின் குழு, ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்குவதையே நிறுத்தச் சொன்னது. 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆகி எல்லாருக்கும் சரியானது. இந்தக் கட்டத்தில் திரும்பி வர வழி இருக்கிறது. படலம் காறையாக இறுகி, அழற்சி எலும்பு வரை இறங்கிவிட்டால் போன எலும்பு தானாகத் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

இங்கே ஒரு சிங்கப்பூர் மயக்கம் உண்டு. 1950களின் இறுதியிலிருந்து நம் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கிறார்கள். அதனால் பல்லில் சொத்தை குறைவு, ‘எனக்குப் பல் பிரச்சினையே இல்லை’ என்று தைரியமாக இருந்துவிடுகிறோம். ஃபுளோரைடு காப்பது பல்லை. ஈறைக் காக்க அது வராது.

கடைவாய்ப் பல்லுக்கு முகம் ஐந்து. பிரஷ் மூன்றைத் தொடும். பக்கத்துப் பல்லைப் பார்த்து நிற்கிற இரண்டு முகத்துக்கு நார் போகாது, ரத்தமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் சாதா பிரஷ்ஷா, மின்சார பிரஷ்ஷா என்ற சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டி 2014ல் வெளியிட்ட அலசலில், மூன்று மாதத்துக்கு மேல் மின்சார பிரஷ் பிடித்தவர்களுக்குப் படலம் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தது. வித்தியாசம் உண்டு, மலையளவு இல்லை. கை நடுங்குகிற, விரல் மூட்டு வலிக்கிற பெரியவர்களுக்குக் கட்டாயம் வாங்கித் தரலாம். மற்றவர்களுக்கு மிருதுவான சாதா பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, இரண்டு நிமிடம், சின்னச் சின்ன அசைவாக. சட்டி தேய்க்கிற வேகம் காட்டினால் ஈறு விலகி வேர் தெரிந்துவிடும்.

நிஜப் போட்டி பல்லிடுக்கில்.

நூல் விலை மலிவு, நெருக்கமான இடுக்கிலும் நுழையும். முழங்கை நீளத்துக்கு அறுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒரு பல்லை அணைத்தபடி வளைத்து மேலும் கீழும் இழுக்கவேண்டும். அப்புறம் பக்கத்துப் பல்லையும் அதே மாதிரி அணைக்கவேண்டும். நாம் செய்வது என்ன? டக்கென்று அழுத்தி ஈறு முனையில் வெட்டிவிட்டு, ரத்தத்தைப் பார்த்துப் பயந்து, டப்பாவை மூடிவிடுவது. 2016ல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்து நூல் விஷயம் காணாமல் போனதும், நூலே வீண் என்று செய்தி பரவியது. அங்கே சொல்லப்பட்டது ஆதாரம் பலவீனம் என்பதுதான். என்னைக் கேட்டால் நூலில் குறை இல்லை, நம்மில் பலருக்கு அது கைக்கு வருவதில்லை. வில் குச்சி கைக்கு வரும், ஆனால் நூல் விறைப்பாக நிற்பதால் பல்லை அணைக்காது.

குட்டி பிரஷ்ஷை நான் மதிக்க ஆரம்பித்தது கிளினிக் நாற்காலியில். காறையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் முடிந்து, சுத்தம் செய்த பெண் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்.

“அண்ணே, ரத்தம் வர்ற இடத்தை விட்டுட்டு மத்த இடத்தை மட்டும் தேய்க்கிறீங்களா?”

“ஆமாம்மா. புண்ணு பெருசாயிடும்னு.”

“அங்கதான் அழுக்கு இருக்கு. நீங்க பயந்து பயந்து அதைப் பத்திரமா வச்சிருக்கீங்க.”

சொல்லிவிட்டுச் சிவப்புப் பிடி போட்ட குட்டி பிரஷ்ஷைக் கடைவாய் இடுக்கில் நுழைத்து வெளியே இழுத்தார். நாரில் கொஞ்சம் ரத்தம், அதோடு வெண்ணெய் நிறத்தில் ஒரு தீற்றல். “மோந்து பாருங்க” என்றார். பார்த்தேன். அதன் பிறகு எனக்கு யாரும் புத்தி சொல்லத் தேவைப்படவில்லை.

இதில் சூட்சுமம் அளவு. கம்பி மெலிதானது 0.4 மில்லிமீட்டர், அங்கிருந்து 0.8, அதற்கும் மேல் போகும். கம்பி பல்லில் உரசக்கூடாது, நார் மட்டும் இரண்டு பக்கமும் லேசாக உரசவேண்டும். ஒரே வாயில் முன்பல்லுக்கு ஒரு அளவும் கடைவாய்க்கு இன்னொன்றும் ஆகும். நிறத்தைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். நுழையாத இடத்தில் திணிக்கவும் கூடாது, அந்த இடுக்கை நூலுக்கு விட்டுவிடுங்கள். ஈறு நோய் வந்தவர்களுக்காக ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2020ல் தந்த வழிகாட்டியும் இடைவெளி இருக்கும் இடத்தில் குட்டி பிரஷ்ஷைத்தான் முன்னால் நிறுத்துகிறது. எனக்கு முதல் நாலு நாள் ரத்தம் கூடுதலாகவே வந்தது. பத்தாம் நாள் நுரை வெள்ளை.

வாட்டர் ஃபிளாசர் மனைவியின் செல்லம். நாற்பது வயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவர், அவருக்கு இது நியாயமான தேர்வுதான். கம்பிக்கு அடியிலும், செயற்கைப் பல்லைப் பொருத்திய இடத்திலும் நூலை ஓட்டுவது பெரும் பாடு. ஈறு ரத்தம் இதனால் குறைவது உண்மை. ஆனால் சோற்றுப் பருக்கையை விரட்டுகிற அளவுக்கு ஒட்டிய படலத்தை நீர் விரட்டாது. எண்ணெய்ச் சட்டியைக் குழாயில் மட்டும் காட்டி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. மற்றபடி பழகும் வரை கண்ணாடி, சுவர், சட்டை எல்லாம் நனையும். விலையும் நூல் மாதிரி ஐந்தாறு வெள்ளியில் முடியாது.

இனி கொப்பளிக்கும் கட்சிகள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் புண்பட்ட ஈறுக்கு இதம், அவ்வளவே. நல்லெண்ணெய் பற்றிச் சாதகமான ஆய்வுகள் உண்டு, ஆனால் சின்னவை. வாயில் வைத்து ஆட்டித் துப்பலாம், அண்ணாந்து தொண்டையில் கொப்பளிக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி கலந்த மவுத்வாஷ் நிஜமாகவே வலுவானது. அதனாலேயே மருத்துவர் சொன்ன இரண்டு வாரம் போல மட்டும். நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், கோப்பியின் ருசி கூடக் கெடும். பற்பசை போட்டுத் தேய்த்த கையோடு கொப்பளித்தால் வேலை செய்யாது, அரை மணி இடைவெளி விடவேண்டும். எதைக் கொப்பளித்தாலும் ஒட்டிய படலம் பெயராது என்பதுதான் இந்தக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று அம்மா எதிர்வாதம் செய்வார். அந்த வேல் வேலமரம், பலர் வேம்பு என்று நினைக்கிறார்கள். குச்சியை மென்று தேய்த்தால் வெளிமுகம் சுத்தமாகும், இடுக்கு ஆகாது. பூங்காவில் கிளை ஒடிக்க இங்கே சட்டமும் இடம் தராது. சூயிங்கம் கேட்கவே வேண்டாம். 1992ல் தடை வந்து, பல்லுக்கான வகைகளை மட்டும் 2004ல் மருந்தாளர், பல் மருத்துவர் வழியாக அனுமதித்தார்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் கடையில் எட்டாவது சாமான் தேடாதீர்கள். இறுகிய காறையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது, ஸ்கேலிங்தான் எடுக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. ரத்தக்கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈறை வீங்கி வளர வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தமே வராமல் உள்ளுக்குள் எலும்பு கரையலாம், புகை ரத்தக்கசிவை மறைத்துவிடும். சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் நீல, ஆரஞ்சு சாஸ் அட்டையோ, மூத்தவர்களுக்கான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால் திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளில் பல் சிகிச்சைக்கு மானியம் உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது அட்டைக்கு அட்டை மாறும், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பல் ஆடுகிறது, சீழ் வருகிறது என்றால் ஈறு நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவுட்ராமில் தேசிய பல் மருத்துவ நிலையத்தில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது.

அம்மா எண்ணெயை விடவில்லை. இரவில் அவருடைய கடைவாய்க்கு நான்தான் குட்டி பிரஷ் போட்டுவிடுகிறேன், காலையில் அவர் பாட்டுக்குப் பத்து நிமிடம் நல்லெண்ணெய். எண்ணெயால்தான் ரத்தம் நின்றது என்று புளோக் கீழே தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.